கடைசிப் பாட்டுக்கு முன்னால்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு எழுபத்தொரு வயதாகிறது. கதை கட்டி ஆளை மிரட்டும் தெம்பெல்லாம் என்னிடம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அந்த மாலையை நினைத்தால் இப்போதும் முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகிறது.

பழைய டேப்புகளில் இருக்கும் பாட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. ஒரு காலத்தில் நானும் தோள் வரை முடி வளர்த்து, பூப்போட்ட சட்டையும் பெல்பாட்டமுமாகத் திரிந்தவன்தான். விடிய விடிய ராக் கச்சேரி கேட்போம். கிடாரை வாசித்தே உலகத்தில் உள்ள சண்டைகளையெல்லாம் நிறுத்திவிடலாம் என்று மனதார நம்பினோம். சண்டை அப்படியேதான் இருக்கிறது, முடிதான் போயிற்று. இப்போது அந்தப் பாட்டுகளைப் போட்டால் சந்தோஷத்துக்கு முன்னால் அலுப்புதான் வந்து உட்காருகிறது.

ஒரு நாள் ஒரு பெண்மணி டேப் சுருளோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூட டீச்சர்.

“எங்கப்பா பாடினது சார். பேண்டுல பாடிட்டிருந்தாரு. நான் பொறந்த வருஷமே வேன் கவுந்து போய்ச் சேந்துட்டாரு. அவரு குரல் இருக்கறது இது ஒண்ணுலதான்.”

“இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்னம்மா அவசரம்?”

“அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. இனிமே ஒண்ணும் செய்யறதுக்கு இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரே ஒரு தடவை இதைக் கேட்டுட்டா நிம்மதியாப் போவாங்க.”

டீச்சர் அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

அந்தக் காலத்து டேப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஈரம் குடித்துக் குடித்து அதன் மேல் பூச்சு பசையாகிவிடும். அப்படியே ஓட்டினால் பூச்சு மெஷினில் ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். பாட்டும் அதோடு போச்சு. அதனால் பழம் உலர்த்தும் பெட்டிக்குள் வைத்து, இளஞ்சூட்டில் ஒரு பகல் முழுக்க வாட்டி எடுப்போம். இந்த டேப் ரொம்ப மோசம். வாட்டினாலும் ஒரு முறைதான் தாங்கும். நடுவில் நிறுத்தவும் கூடாது. நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் பகலெல்லாம் வாட்டி, மாலை ஆறு நாற்பதுக்கு ஓட விட்டேன். வெளியே இருட்டிவிட்டது.

முதல் பாட்டு. டிரம்ஸ் அடியெடுத்துக் கொடுக்க, கிடார் கரகரவென்று எழுந்தது. அப்புறம் அந்தக் குரல்... இருபத்தைந்து வயதுக் குரல். நாளை என்ற ஒன்று இருப்பதே தெரியாத குரல். கண்ணை மூடிக்கொண்டேன். என் அலுப்பெல்லாம் கொஞ்ச நேரம் எங்கோ போய்விட்டது.

பாட்டு முடிந்ததும் அவர் பேசினார்.

“அண்ணே, கிடார் சரியாக் கேக்கல. கொஞ்சம் ஏத்துங்க.”

அன்று ரெக்கார்டிங் செய்தவரிடம் சொல்லியிருப்பார். தனியாகவே வேலை பார்த்துப் பார்த்து, டேப்போடு வாயாடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சிரித்துக்கொண்டே குமிழைத் திருகினேன்.

“போதுமா தம்பி?”

“போதும்ணே.”

தற்செயல் என்றுதான் நினைத்தேன். அடுத்த இரண்டு பாட்டும் ஓடின. அறையில் எங்கிருந்தோ மருந்து வாடை வந்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

“என்னண்ணே, ரொம்பச் சலிப்பா இருக்கா?”

“அதெல்லாம் இல்லப்பா.” என் வாய் தன்னால் சொன்னது.

“பொய்யி.”

டேப்பில் சிரிப்புச் சத்தம்.

என் விரல் நிறுத்தும் பட்டன்மேல் போய்விட்டது. அழுத்தியிருப்பேன். அழுத்தினால் டேப் செத்துவிடும். ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா காத்துக்கொண்டிருக்கிறார். விரலை எடுத்துக்கொண்டேன்.

ஏழு மணி பத்து நிமிடம்.

எனக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

“அண்ணே... உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?”

“நான்... நான் மட்டும்தான்.”

உஸ்ஸ்ஸ்... டேப் வெறுமனே ஓடியது.

“அப்ப உங்களுக்குப் பின்னாடி யாரு?”

நான் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

உஸ்ஸ்ஸ்...

கடைசிப் பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் இல்லை. மெல்லிய கிடாரும் குரலும் மட்டும். பாட்டு முடிந்து, டேப்பின் நுனி கழன்று படபடவென்று அடித்துக்கொண்டபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மெதுவாகத் திரும்பினேன். நாற்காலியில் யாரும் இல்லை.

டீச்சருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. காலையில்தான் செய்தி வந்தது. அம்மா முந்தின நாள் மாலையே போய்விட்டார். இன்னும் ஒரு நாள் முந்தி வாட்டியிருக்கலாமே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் வந்தார்.

“அம்மாவுக்குத்தான் கொடுத்து வைக்கல. நானாவது கேட்டுக்கறேன் சார்.”

கம்ப்யூட்டரில் பதிவானதை அதுவரை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. போட்டேன். பாட்டு வந்தது. பேச்சும் வந்தது.

“போதுமா தம்பி?”

அது என் குரல். டேப் மெஷினிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது ஒரே ஒரு ஒயர். அந்த அறையில் மைக்கே கிடையாது.

டீச்சர் என்னைப் பார்த்தார்.

“அப்ப உங்களுக்குப் பின்னாடி யாரு?”

உஸ்ஸ்ஸ்...

அன்று அந்த இடத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்டது. வயதான ஒரு பெண்ணின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு... மிகப் பக்கத்தில்...

“நான்தாங்க. பாடுங்க.”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். “அம்மா” என்றார்.

பாட்டு முடிந்ததும் கேட்டேன்.

“எத்தனை மணிக்கும்மா போனாங்க?”

“ஏழே காலுக்கு. நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். புதுசா வந்த ஒரு நர்ஸ்தான் பக்கத்துல இருந்துச்சு. கடைசி அஞ்சு நிமிஷம் அம்மா போர்வைக்குள்ள எடது காலால தாளம் போட்டுட்டே இருந்தாங்கன்னு சொல்லுச்சு.”

“அப்ப நிம்மதியாத்தான் போயிருக்காங்கம்மா.”

டீச்சர் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மாவுக்கு எடது கால் கெடையாது சார். சர்க்கரைக்காக எடுத்து ஆறு வருஷமாச்சு.”