உம்மா போட்ட பதினான்கு முடிச்சுகள்

இன்று ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு கடை வாசலில் புதுத் தேங்காய்நார்க் கயிற்றின் வாசம் வந்தபோது, இப்போது கடைவரிசை எழும்பிவிட்ட எங்கள் காஜா பெராங் வீட்டு முற்றமும், ஜப்பான்காரன் காலத்தில் அங்கே காய்ந்த மரவள்ளிக்கிழங்கின் புளித்த வாடையும், கொடியாகக் கட்டியிருந்த அத்தாவின் கயிறும் நினைவுக்கு வந்து மனம் கசந்தது.

என் தகப்பனாரான அத்தா, சுமத்ராவுக்குப் போகும் தொங்காங் என்ற பாய்மரச் சரக்குப் படகில் சுக்கான் பிடித்தவர். பலகைத் துண்டு கட்டிய அந்தக் கயிற்றைக் கடலில் விட்டு, மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையை உரசிக்கொண்டு போயின என்று எண்ணித்தான் வேகத்தையும், மணல்திட்டு இன்னும் எவ்வளவு தூரம் என்பதையும் அறிவார். படகில் விட்டால் களவு போகுமென்று வீட்டில் வைத்திருந்தார். துணி உலர்த்தக்கூடக் கயிறு கிடைக்காத காலம். கொடி கட்டுவதற்காக உம்மா முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டாள்.

“சிக்கெல்லாம் எடுத்து நேராக்கிட்டேங்க,” என்றாள் பெருமையாக.

அத்தா தலையில் கை வைத்தார். “எங்க வாப்பா கட்டினது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, நீ சொல்லு தம்பி, முடிச்சுக்கு முடிச்சு எத்தனை அடி?”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவன் நான். அங்கே ஜப்பானியப் பாட்டும் குனிந்து வணங்குவதும்தான் கற்றுத்தந்தார்கள். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

உம்மா உட்கார்ந்து தோன்றிய இடத்திலெல்லாம் முடிச்சுப் போட்டாள். “பதினாலு இருந்துச்சு. அவுத்தவளுக்குத் தெரியாதா?”

“இடைவெளி தப்பு உம்மா!”

“நீ சும்மா இரு,” என்ற அத்தா, எந்த வேகத்தையும் சொல்லாத அந்தக் கயிற்றைப் பத்திரமாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தார்.