பந்தல் போடாத மைதானம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்காக யாரிடமும் தலை குனிந்ததில்லை. கிழக்கு டெல்லியில் பெரிய கல்யாணம் என்றால், பந்தல் என்னுடையதா என்றுதான் முதலில் கேட்பார்கள். கூலிக்கு மூங்கில் சுமந்த தோள் இது. இப்போது அதே தோளில் ஒரு கால்பந்து கிளப்பின் தலைவர் பதவியும் ஏறியிருக்கிறது. இரண்டாம் டிவிஷன் கிளப்தான். ஆனாலும் எங்களுக்கென்று குத்தகைக்கு எடுத்த மைதானம் உண்டு, அதில் பிள்ளைகளுக்கு ஓர் அகாடமி உண்டு. இரண்டையும் கொண்டுவந்தது நான். எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. எதையும் சாயாமல் நிறுத்தத் தெரியும்.

போன குளிர்காலத்தில், அந்த அகாடமியை மூடவேண்டும் என்று செயலாளர் கிளம்பினார். மயூர் விஹார்க்காரர், பெரிய அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணாச்சி, இந்தப் பசங்க வளர்ந்து கோல் போடறதுக்குள்ள நாம கிழவனாயிடுவோம்."

"இப்பவே கிழவன்தான்வே. மேல சொல்லும்."

"கல்யாண சீசன்ல கிரவுண்டை வாடகைக்கு விடலாம். அந்தப் பணத்துல ரெடிமேட் பிளேயர்ஸ் எடுக்கலாம். வெளியிலேர்ந்து வந்தவங்களாலதானே இப்ப டீமே நிக்குது?"

"பந்தல் போடுதவன்கிட்டயே வாடகைக் கணக்கா? வாடகைச் சாமான் கல்யாணம் முடிஞ்சதும் அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிரும். அகாடமி நான் சிமென்ட் போட்டு நட்ட தூணு."

கமிட்டியில் பாதிப்பேர் அவர் பக்கம். சீசன் முடிந்ததும் ஓட்டுக்கு விடுவது என்று முடிவானது.

சீசனின் கடைசி மேட்ச் எங்கள் மைதானத்தில். தோற்றால் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம். மைதானம் சரியில்லை என்று ரெஃபரி சொன்னாலும் தோற்றதாகத்தான் அர்த்தம். அந்த வாரம் பார்த்து நான் ஒரு விசேஷத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். திரும்பியதும் ஸ்டேஷனிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தேன்.

தரை முழுக்கக் குழி. வளைந்த ஆணிகள், அறுந்த சாமந்தி மாலைகள், தந்தூரி அடுப்புச் சாம்பல், கோழி எலும்பு. நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, செயலாளர் ஒரு கல்யாணத்துக்கு மைதானத்தைக் கொடுத்திருந்தார். பந்தல் வேலை எனக்குப் போட்டியான ஒரு டென்ட் ஹவுஸ்காரனுக்கு.

"யாரைக் கேட்டுக் குடுத்தீரு?"

"ஒரே ஒரு கல்யாணம்தான் அண்ணாச்சி. ஒரு ட்ரையலா இருக்கட்டும்னு..."

"குடுத்ததுதான் குடுத்தீரு, போயும் போயும் அந்தப் பயகிட்டயா குடுக்கணும்? எங்க ஆளுன்னா ஒரு ஆணிய விட்டுட்டு வருவானா?"

இரண்டு கோபத்தில் எது பெரியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியூரிலிருந்து எடுத்த ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வந்தார்கள், பார்த்தார்கள், பூட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். "பாய் சாப், கால்தான் எங்களுக்குச் சோறு. கிரவுண்ட் ரெடியானதும் போன் பண்ணுங்க" என்று ஒருவன் சொன்னான். அவன்மேல் குற்றமில்லை. வாடகைக்கு வந்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

எங்கள் அகாடமியில் நான் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பந்தைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி மைதானத்தின் அடுத்த கோடி வரைக்கும் நடக்கவேண்டும். கல், கண்ணாடி எது கிடந்தாலும் பொறுக்கவேண்டும். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பட்டாளத்தில் இருந்து வந்த எங்கள் கோச் விசிலை வாயில் வைப்பதற்குள் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். இதே அகாடமியில் வளர்ந்து இப்போது முதல் டீமில் ஆடுகிறவர்களும் நடுவே வந்து நின்றார்கள். கேப்டன் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டான். மெட்ரோவுக்குக் கிளம்பிய ஒரு தாயார் கைப்பையை வேலியில் மாட்டிவிட்டுக் குழிகளுக்கு மண் போட்டார். நான் கோடவுனிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தங்களை வரவழைத்துக் கயிற்றில் கட்டிப் புல்மேல் இழுக்க வைத்தேன். இந்த யோசனை டெல்லியில் வேறு எவனுக்கும் வந்திருக்காது.

செயலாளர் கையில் ஒரு வாளியைக் கொடுத்தேன்.

"அங்கிள், ஏக் அவுர் கீல்!" என்று ஒரு சிறுமி கத்தினாள். இன்னொரு ஆணி. அவர் குனிந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். நிமிர்வதற்குள் அடுத்த பக்கத்திலிருந்து, "அங்கிள், ஜல்தி!"

மேட்ச் நாள் வரைக்கும் தினமும் காலையில் இதே வேலை. ரெஃபரி வந்து பூட்ஸ் முனையால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார், தலையசைத்தார். வெளியூர் ஆட்டக்காரர்களும் வந்து நன்றாகவே ஆடினார்கள், நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் எதிர் டீம் கடைசியில் நெருக்கியபோது கோலுக்கு முன்னால் மறித்து நின்றது எங்கள் அகாடமியில் வளர்ந்த இரண்டு பேர். கோல் இல்லாமல் டிரா. அது போதும், டிவிஷனில் நிலைத்துவிட்டோம்.

ஓட்டெடுப்புக்குக் கமிட்டி கூடியது. நான்தான் முதலில் பேசினேன்.

"கிரவுண்டை வாடகைக்கு விடணும்னு கை தூக்குதவங்க, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மறுநாள் காலைல வரிசைல நிக்கணும். அதையும் தீர்மானத்துல சேர்த்து எழுதும்."

ஒரு கையும் எழவில்லை. செயலாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அகாடமியே இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு இன்னும் வலி போகலை" என்றார்.

வாடகைக்கு வந்தவர்கள் இப்போது வேறு கிளப் பனியனில் ஓடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். இவர்களை வைத்தே முதல் டிவிஷனுக்குப் போவோம், நான் சொன்னால் சொன்னதுதான்.

போன வாரம் என் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். மகள் கல்யாணம், பெரிய ஆர்டர், எங்கள் மைதானத்தில்தான் வேண்டுமாம்.

"டெல்லில நீங்க கை காட்டுத எடத்துல போடுதேன். அங்க மட்டும் முடியாது" என்றேன்.