வகுப்பு தள்ளிப்போகட்டும் என்று கேட்ட நாட்கள்

எண்பத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில் என் கணவர் குர்லா ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். விமானக் கம்பெனியின் பயிற்சி வகுப்பு தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. அந்த வகுப்புக்காகத்தான் நாங்கள் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்தோம். அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நான் என்ன ஜெபித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாய் "ஆண்டவரே, ஆண்டவரே" என்றது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். என் பெயர் கிரேஸ். தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். என் கணவர் ஜெபராஜ் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். மாமனாருக்குத் தோல் பட்டறையில் வேலை. இவர் ஸ்காலர்ஷிப் கிடைத்து, ஜுஹுவில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் கற்று, விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினார். பிறகு கம்பெனிப் பரீட்சையிலும் தேர்வானார். "வகுப்பு தொடங்கும்போது கூப்பிடுவோம், தயாராக இருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் கல்யாணத்தின் முதல் வருஷம் முழுவதும் அந்தத் தயாராக இருப்பதிலேயே போயிற்று.

செம்பூரில் எங்களுக்கு ஒரே ரூம். அதன் சுவரில் அவர் சார்ட் பேப்பர் ஒட்டி, பெரிய விமானத்தின் முன்பக்கத்தில் இருக்கும் கடிகாரம் போன்ற கருவிகளையும் சுவிட்சுகளையும் அப்படியே வரைந்து வைத்திருந்தார். அதன் முன்னால் இரண்டு நாற்காலி. ஸ்கூல் விட்டு வந்ததும் நான் ஒன்றில் உட்கார்ந்து, புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் படிப்பேன். அவர் படத்தில் தொட்டுத் தொட்டுப் பதில் சொல்லுவார். பாதி வார்த்தைகளுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் அவர் தவறவிட்டால் கண்டுபிடித்துவிடுவேன். காலையில் ஓட்டம், பகலில் கிளப்பில் புதுப் பையன்களுக்குப் பாடம். அதற்குப் பதிலாக லைசென்ஸ் காலாவதியாகாத அளவுக்கு அவருக்குப் பறக்கக் கிடைத்தது.

வகுப்பு மட்டும் வரவில்லை. தீபாவளிக்குப் பிறகு என்றார்கள். ஈஸ்டருக்குப் பிறகு என்றார்கள். வளைகுடாவில் அவருக்கு ஆபீஸ் வேலைக்கு அழைப்பு வந்தபோது போகலாமா, வேண்டாமா என்று ஒரு வாரம் உபவாசம் இருந்து ஜெபித்தேன். ஒரு பதிலும் கிடைக்கவில்லை. எஸ்தர் அக்கா, எங்கள் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர்கள், "அமைதியா இருந்தா அதுவும் பதில்தான்" என்றார்கள். போ என்பதா, இரு என்பதா என்று கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

நாங்கள் இருந்துவிட்டோம். ஜூலையில் தேதி வந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் வகுப்பு. ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன். அடுத்த புதன்கிழமை அவர் விழுந்தார்.

பெரிய விமானத்தில் புதிதாகச் சேருகிறவர் வலப்பக்க இருக்கையில் உட்காருவார். வலது கையால்தான் ஓட்டவேண்டும். முதல் நாளே மருத்துவப் பரிசோதனை. அதில் தவறினால் அடுத்த வகுப்புக்குப் பெயர் தானாகப் போகாது. மறுபடியும் பரீட்சை, மறுபடியும் தேர்வு. எலும்பு ஒட்டப் பல வாரம் ஆகும், அதன் பிறகும் பிடி பழையபடி வருமா என்று இப்போது சொல்லமுடியாது என்றார் டாக்டர்.

"கட்டோடயே போய் நிக்கேன். திருப்பி அனுப்புனா அனுப்பட்டும்" என்றார் இவர். அதன் பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சார்ட் பேப்பர் ஒட்டாத சுவரை.

எஸ்தர் அக்கா வந்தார்கள். "கிரேசு, மனசுல உள்ளதை வாய்விட்டுக் கேளு" என்றார்கள்.

"என்னத்தைக்கா கேக்க? கை உடனே சரியாகணும்னா? இல்ல வகுப்பு தள்ளிப்போகணும்னா? வகுப்பு வரணும்னுதானே ஒரு வருசமா உங்க எல்லாரையும் ஜெபிக்க வச்சேன்."

"எது வருதோ அதைக் கேளு."

சபையாரே, நான் வகுப்பு தள்ளிப்போகட்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே கூசியது. என்னைப் போல எத்தனை வீடுகளில் அந்தத் தேதிக்காகக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. இருந்தும் கேட்டேன்.

வகுப்புக்கு மூன்று நாள் முன்னால், கீழே இருந்த மருந்துக்கடைக்குப் போன் வந்தது. பயிற்சி கொடுக்கிறவர்கள் வேறு வேலைக்குப் போயிருக்கிறார்களாம், வகுப்பு புதுவருஷத்துக்கு அப்பால்தானாம். இவர் படியேறி வந்து சொன்னார். இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். சந்தோஷத்தில் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மாலை கிருஷ்ணன் வந்தார். இவரோடு ஜுஹுவில் கற்றவர், அதே வகுப்புக்குத் தேர்வானவர். மாட்டுங்காவில் வீடு. எப்போதும் சிரித்துப் பேசுகிற மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். என்னை அண்ணி முறையில், இந்தியில் "பாபி" என்றுதான் கூப்பிடுவார்.

"பாபி, வகுப்பை நம்பி நான் ஆபீஸ்ல ரிசைன் பண்ணிட்டேன். என் சீட்ல வேற ஆளை உக்கார வெச்சாச்சு. அப்பா என்னோட பேசறதில்லை" என்றார்.

உள்ளே போய் டீ போட்டேன். கிளாஸைக் கையில் கொடுக்கும்போது அடக்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

"நான்தாண்ணா தள்ளிப்போகணும்னு ஜெபிச்சேன். இவுக கைக்காக."

அவர் டீயைக் குடித்தார்.

"நான் தினம் பிள்ளையார் கோவில்ல நின்னுண்டு சீக்கிரம் ஆரம்பிக்கணும்னு வேண்டிண்டேன். ஒரே வகுப்பு. நீங்க ஒண்ணு கேட்டேள், நான் ஒண்ணு கேட்டேன். இப்போ நான் யாரைக் கோச்சுக்கறது?"

"என்னைக் கோவிச்சுக்கோங்க."

"உங்களைக் கோச்சுண்டு என்ன பண்றது பாபி? டீ நன்னா இருக்கே."

இவர் சிரித்துவிட்டார். விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரம் சொல்ல எழுந்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஆம் என்ற ஆண்டவர் கிருஷ்ணனுக்கு ஏன் இல்லை என்றார்? அல்லது யாருக்குமே ஒன்றும் சொல்லவில்லையா, கம்பெனியில் ஆள் இல்லாததால் தள்ளிப்போனதா? போதகரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் அந்த நேரத்துக்குச் சரியாக இருந்தது. வீடு வருவதற்குள் மறுபடி குழம்பிவிட்டது.

கிருஷ்ணன் தினமும் வர ஆரம்பித்தார். இவர் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சொல்லுவார், அவர் சுவரில் தொட்டுக் காட்டுவார். அவருக்கு வேலை போயிருந்தது, இவருக்குக் கை இல்லை. நான் படித்தேன். எங்கள் ஸ்கூல் பிள்ளைகள் சிலருக்குக் கணக்கு டியூஷன் சொல்லித்தரும்படி அவரைத் தாராவிக்கு அழைத்துப்போனேன். அதனால் அவருடைய கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் அவர் மெலிந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன். இரவு ஜெபத்தில் இவர் பெயருக்கு முன்னால் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கினேன்.

கட்டுப் பிரித்தபோது இவருடைய விரல்கள் மூடவே இல்லை. ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அது இவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் நான் சப்பாத்தி மாவு பிசைவதைப் பார்த்து, "இங்க குடு" என்று வாங்கிக்கொண்டார். முதலில் விரல் நுனியால் தொட்டார். பிறகு உள்ளங்கையால் அழுத்தினார். வலியில் கண் கலங்கியும் விடவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாவு பிசைவது அவர் வேலை. சப்பாத்தி சில நாள் கல்லாக இருக்கும், சில நாள் கூழாக இருக்கும். கிருஷ்ணன் இரண்டையும் சாப்பிட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊறுகாய் ஜாடி மூடி இறுகிக்கொண்டது. நான் முழுப் பலத்தோடு திருகியும் திறக்கவில்லை. இவர் வாங்கி வலது கையால் ஒரே திருகில் திறந்தார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

பிப்ரவரியில் வகுப்பு தொடங்கியது. மருத்துவப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் இவருடைய கையை மூன்று முறை பார்த்தாராம். பிறகு கையெழுத்துப் போட்டாராம். கிருஷ்ணனும் இவரும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள், இரண்டு பேரும் தேறினார்கள். இவர் முதன்முறை பயணிகளோடு போய்த் திரும்பிய நாளில் நான் சாப்பிடவும் இல்லை, உட்காரவும் இல்லை. வாசலில் வந்து நின்றவர், "பசிக்கி" என்றார். அவ்வளவுதான்.

கர்த்தர் எங்களுக்கு உதவினார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படி உதவினார், யாருக்கு எதைக் கொடுத்து எதை நிறுத்திவைத்தார் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் நான் மாறியிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது என் வேண்டுதல் நிறைவேறினால் யாருக்கு நஷ்டம் வரும் என்று யோசிக்கிறேன். அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுகிறேன். முடிந்தால் போய்ப் பார்க்கிறேன்.

இங்கே வேலைக்காக, பிள்ளைக்காக, வீட்டுக்காகக் காத்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். என்ன கேட்பது என்றே தெரியாமல் முழங்காலில் நிற்பீர்கள். அப்படியே நில்லுங்கள். அன்றன்றைய வேலையை விடாமல் செய்யுங்கள். குழம்பிய மனசோடே அவரை நம்பிக் கேளுங்கள். தெளிந்த பிறகுதான் ஜெபிப்பேன் என்று நான் இருந்திருந்தால், இன்றுவரை ஒரு வார்த்தைகூட ஜெபித்திருக்க மாட்டேன்.