மூக்கியின் வலது பக்கம்

மூக்கி என்பது அவளுடைய பெயர் இல்லை, வீட்டில் ஒட்டிக்கொண்ட பட்டம். நாலு வயதில், வேலை முடிந்து வந்த அப்பா ஆசையாகத் தூக்கப் போனபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தாள். அன்று அண்ணன் வைத்த பெயர் அது. அப்பாவுக்குக் குழாய் பழுது பார்க்கும் வேலை. ஊரார் வீட்டுச் சாக்கடையில் முழங்கை வரை கையை விட்டு அடைப்பு எடுத்துவிட்டு வருகிற மனிதர் மேல் ரோஜாப்பூ வாசனையா வரும்?

வளர வளர அது குறையவில்லை. பஸ் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள். தட்டின் ஓரத்தில் காய்ந்துபோன ஒரு பருக்கை, அடுத்தவர் கடித்த பென்சில், சித்தியின் சீப்பில் சுருண்டு கிடக்கும் முடி, இதில் எது கண்ணில் பட்டாலும் அந்த வேளைச் சாப்பாடு அவ்வளவுதான். "இவளுக்கு மாப்பிள்ளையைக் கொதிக்க வச்சு ஆற வச்சுத்தான் குடுக்கணும்" என்பாள் சித்தி.

இப்படிப்பட்டவள் மானிடவியல் படிக்கப் போகிறேன் என்றதும் வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

"மனுஷனைப் பத்திப் படிக்கக் காலேஜ் எதுக்கு? என்கூட நாலு வீட்டுக்கு வா. அவனவன் சாக்கடையைப் பார்த்தா அவனவனைத் தெரிஞ்சிடும்" என்றார் அப்பா.

"படிச்சு முடிச்சா என்ன வேலைடி கிடைக்கும்?" என்றாள் அம்மா. அது மூக்கிக்கே தெரியாது. தெரியாததால்தான் திட்டம் போட்டாள்.

கல்லூரி திறந்த முதல் வாரமே துறைப் பேராசிரியையின் அறையில் போய் உட்கார்ந்து, மூன்று வருடப் பாடங்களையும் ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டு வந்தாள். கட்டாயப் பாடங்கள் சிவப்பில், விருப்பப் பாடங்கள் பச்சையில். வேலைக்கு உதவும் என்று புள்ளியியலையும் ஒரு கட்டத்தில் நுழைத்தாள். தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். இரண்டாம் வருட விடுமுறைக் கட்டத்தைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம். அது எட்டு வாரக் களப்பயிற்சி. வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். பயிற்சி கொடுத்த நிறுவனம் கையெழுத்துப் போடாவிட்டால் மூன்றாம் வருட ஆய்வைத் தொடங்க முடியாது, ஒரு வருடம் அப்படியே போகும். அப்பா முன்பே சொல்லியிருந்தார்: "மூணு வருஷம் நான் தாங்குவேன். அதுக்கு மேல என் முட்டி தாங்காது."

களத்துக்குப் போகும் முன் பேராசிரியை ஒரு நோட்டைப் பிரித்துக் காட்டினார். "இடது பக்கம் நீ பார்த்தது, கேட்டது. வலது பக்கம் உனக்கு என்ன தோணுச்சோ அது. கோபமோ, பயமோ, அருவருப்போ, அங்க கொட்டிடு. கொட்டினாத்தான் இடது பக்கம் சுத்தமா இருக்கும். ஆனா வலது பக்கத்தை யார்கிட்டயும் குடுக்காதே."

பயிற்சி கிடைத்த இடம் ஒரு சந்தை ஆய்வு நிறுவனம். குளியலறை கழுவும் திரவம் ஒன்றை விற்பதற்காக, ஜனங்கள் வீட்டில் எப்படிக் கழுவுகிறார்கள் என்று பார்த்து எழுதி, போட்டோவும் எடுத்துத் தர வேண்டும். மேலாளர் ஒருவர் இருந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவர் சென்ட் வரும், போன பிறகும் அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காது. பேசும்போது பல்லிடுக்கில் நாக்கை விட்டு எதையோ தேடிக்கொண்டே பேசுவார். மூக்கி பார்வையை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வாள்.

அவளுக்கு ஒதுக்கிய வீடு ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவும் அக்காவுடையது. ஒரே அறை. குளியலறை வெளியே, நடைபாதைக் கோடியில், நாலு குடித்தனத்துக்கும் பொது. ஒப்புதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"போட்டோல என் வீடுன்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியவே தெரியாதுக்கா. அதுக்கு நான் பொறுப்பு."

மூன்று நாள் அந்த நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். இடது பக்கத்தில் ஒழுங்காகவே எழுதினாள்: பதினோரு பேர், ஒரே குழாய், காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர், பத்து மணி நேரம் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் அக்காவின் விரல் நுனிகளில் தோல் உரிந்திருக்கிறது, கழுவும் முறை யாருடையது என்று நாலு வீட்டுக்கும் சண்டை. வலது பக்கத்தில் கொட்டினாள். தண்ணீர் போகும் ஓட்டையில் திரண்டிருந்த முடிக்கற்றை, மூலையில் சோப்புத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாய்க் கிடந்த கோலம், கம்பியால் பிடி கட்டிய நீல பக்கெட்டின் அடியில் வழுவழுவென்று பாசி. "இந்தத் தரையில் பட்ட காலை வெட்டி எறிந்துவிட்டால் தேவலை போலிருந்தது" என்று எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் மூன்று தடவை காலைத் தேய்த்துக் கழுவினாள்.

குறிப்புகளைத் தர வேண்டிய நாளில் இடது பக்கங்களை மட்டும் தனியே நகல் எடுக்க அவளுக்குப் பொறுமை இல்லை. கடையில் வரிசை நீளமாக இருந்தது, வரிசையில் முன்னால் நின்றவர் தும்மிக்கொண்டே இருந்தார். நோட்டையே கொண்டுபோய்க் கொடுத்தாள். வலது பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

மேலாளர் வலது பக்கத்தை மட்டும்தான் படித்தார்.

"காலை வெட்டி எறியணும்! அடடா! இது சரக்கு! உன் மூக்குக்குத் தனியா சம்பளம் குடுக்கலாம்மா. படிப்பு முடிஞ்சதும் நேரா இங்க வந்துடு."

பிறந்ததிலிருந்து அந்த மூக்கை எல்லோரும் கேலிதான் செய்திருக்கிறார்கள். முதல் தடவையாக ஒருவர் பாராட்டினார். மூக்கிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சென்ட் வாடைகூட அந்த ஐந்து நிமிடம் உறைக்கவில்லை. வெட்கக்கேடு, ஆனால் நடந்தது அதுதான்.

எட்டாவது வாரம், விளம்பர மாதிரியைப் பெண்களிடம் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டம். கண்ணாடி அறை, ஒன்பது நாற்காலி, திரை. மேஜையில் யாரோ பாதி கடித்து வைத்த பிஸ்கட், உதட்டுச்சாயம் படிந்த காகிதக் கோப்பை. மூக்கிக்குக் கடைசி மூலையில் எழுதும் வேலை. அது முடிந்ததும் பயிற்சிப் படிவத்தில் கையெழுத்து. படிவம் மேலாளரின் சட்டைப்பையில் மடித்து இருந்தது.

பெண்கள் வந்தார்கள். ஐந்தாவதாக வந்தவர் ஓட்டல் அக்கா. தொலைபேசியில் ஆள் பிடிக்கிறவர்கள் புதிய எண் தேடச் சோம்பல்பட்டுப் பழைய பட்டியலையே எடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவரச் சொன்னதால், ஓட்டலில் கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களை அக்கா அழைத்து வந்திருந்தார். மூக்கியைப் பார்த்ததும் தெரிந்தவர்போல லேசாகத் தலையசைத்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் சுவர் அளவுக்கு அந்த நீல பக்கெட், கம்பிப் பிடியோடு. முடிக்கற்றை ஒரு பூனைக்குட்டி அளவுக்குத் தெரிந்தது. குறுக்கே பெரிய எழுத்தில்: "பட்ட காலை வெட்டி எறியத் தோணுதா?"

பெண்கள் 'சீ' என்றார்கள். அக்காவோடு வந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இதெல்லாம் ஒரு வீடா? இதுல இருக்கறவங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்க முடியுமா?" என்றாள். சிரிப்பு. மூக்கியின் சொந்த வாக்கியம் அங்கே அந்த அளவுக்கு நாறிக்கொண்டு நின்றது.

"நீங்க சொல்லுங்கம்மா, பார்த்தா என்ன தோணுது?" மேலாளர் அக்காவைக் கேட்டார்.

அக்கா திரையை நிதானமாகப் பார்த்தார். "அசிங்கமா இருக்குங்க" என்றார். பிறகு திரும்பி மூக்கியை நேராகப் பார்த்தார்.

அந்தப் பார்வையை மூக்கியால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"படத்தை எடுங்க சார். இது இவங்க வீடு. அந்த வரி என்னோடது, வெளிய வரக்கூடாதது. யாருக்கும் தெரியாதுன்னு இவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

மேலாளர் அவள் கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளிக்கொண்டு போனார். பையிலிருந்து படிவத்தை எடுத்து, கையெழுத்துப் போடாமலே அவள் கையில் திணித்தார். "ஒரு வருஷம் கழிச்சு வேற எங்கயாவது போய்க் கேளு." மூக்கி படிகளில் இறங்கினாள். அப்பாவின் முட்டி ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் எதையோ கழுவிவிட்டது போன்ற ஒரு நிம்மதி இருந்தது, அதை மறைப்பானேன்.

வாசலில் காத்திருந்தாள். அக்கா தனியாகத்தான் இறங்கி வந்தார். கையில் பரிசுப் பை, அதற்குள் அதே திரவம் ஒரு பாட்டில். கூட வந்த இருவரும் இவரை விட்டுவிட்டு முன்னால் போயிருந்தார்கள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல. அதான் எல்லார் முன்னாடியும்..."

"உன்னை யாரு எழுந்திருக்கச் சொன்னது?"

"நீங்க என்னைப் பார்த்தீங்களே..."

"பார்த்தேன். வாயைத் திறந்துடாதேன்னு பார்த்தேன்." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அது யார் வீடுன்னு அங்க ஒருத்திக்கும் தெரியாது. நானும் சேர்ந்து அசிங்கம்னு சொல்லிட்டு வந்திருப்பேன். நான் பாத்திரம் கழுவுற பொம்பளைம்மா. நாளைக்குக் காலையில ஓட்டல் பூரா இதுதான் பேச்சு. முதலாளி காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

மூக்கி கையில் இருந்த வெற்றுப் படிவத்தைக் காட்டினாள். "எனக்கும் ஒரு வருஷம் போச்சுக்கா" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே, ஏன் சொன்னோம் என்று இருந்தது.

அக்கா படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சாக்கடையில் எதையோ மிதித்துவிட்டவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவளைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.