சந்தாபுரா மேடத்துக்கு ஒரு டப்பா குல்குல்

லாயிட் ஆபீஸ் வேன் ஓட்டுகிறார். சந்தாபுராவில் தொடங்கி வழியெல்லாம் ஆட்களை ஏற்றி வைட்ஃபீல்டில் இறக்குவார். அந்த வண்டியில் யாருக்கும் பேர் கிடையாது, ஏறுகிற ஸ்டாப்தான் பேர். தொம்மசந்திரா சார், வர்த்தூர் மேடம். அவர் எல்லாருக்கும் டிரைவர் அண்ணா. கொரோனா வரும்வரை இதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது அலையில் ஒரு காலை, வண்டியில் சந்தாபுரா மேடம் மட்டும்தான். மைத்துனன் போன் செய்தான். பீன்யாவில் அவன் வீட்டில் தங்கியிருந்த மௌரீனுக்கு மூச்சு விட முடியவில்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் பெட் இல்லை. லாயிட் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதார். மனைவியாயிற்றே. மேடம் விவரம் கேட்டுக்கொண்டு யார் யாருக்கோ போன் போட்டார். வைட்ஃபீல்ட் வருவதற்குள் பெட் கிடைத்துவிட்டது.

அடுத்த வாரமே ஊரை அடைத்தார்கள். வேன் நின்றது. மௌரீன் பிழைத்து வந்தாள். வேன் மறுபடி ஓடியபோது மேடம் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் குல்குல் என்கிற இனிப்பைப் பொரிக்கும்போதெல்லாம் மௌரீன் மேடத்துக்கென்று ஒரு டப்பா தனியாக எடுத்து வைப்பாள். அது வண்டியில் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கே திரும்பும்.

பாவம், மனிதர் என்ன செய்வார்? கண்ணாடியில் அவர் பார்த்தது மாஸ்குக்கு மேலே இரண்டு கண்களைத்தான். மாஸ்க் போய் மூக்கும் வாயும் வெளியே வந்ததும் எல்லாரும் புது ஆட்களாகத் தெரிந்தார்கள். போதாததற்கு இன்றைக்கு ஆபீஸ், நாளைக்கு வீடு என்று ஒரு புது வழக்கம். நேற்று ஏறியவர் இன்று வருவதில்லை. ஒருமுறை ஒரு பெண்ணிடம் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக் காட்டச் சொல்லிவிட்டார். புகார் மேலே போனது. சூப்பர்வைசர் ஸ்ரீஹர்ஷா கூப்பிட்டு விசாரித்தார்.

"பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. அப்புறம் யாரத்தான் தேடுறீங்க லாயிட்?"

மறுநாளும் லாயிட் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினார்.

போன டிசம்பரில், தூசுக்குப் பயந்து மாஸ்க் போட்ட ஒரு பெண் சந்தாபுராவில் ஏறினார். கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்த்த லாயிட் வண்டியை ஓரங்கட்டினார்.

"மேடம், கொரோனா டைம்ல என் ஒய்ஃபுக்கு பெட்டு வாங்கிக் குடுத்தது நீங்கதானே?"

அவர் மாஸ்கைக் கழற்றிவிட்டு யோசித்தார். முழு முகத்தைப் பார்த்ததும் லாயிடுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஞாபகம் இல்லண்ணா. அந்த மாசம் எத்தனையோ பேருக்கு போன் பண்ணேன். அப்புறம் யாரு வீட்லயும் திருப்பிக் கேக்கல. பயமா இருந்துச்சு." சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அவங்க இருக்காங்களாண்ணா?"

"இருக்கா மேடம். தெனம் என்ன திட்டிக்கினு நல்லாத்தான் இருக்கா. இது அவ பொரிச்சது."

அவர் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வர்த்தூர் வரை அழுதார்.

சாயங்காலம் வெறுங்கையோடு வந்த லாயிடைப் பார்த்து மௌரீன் ஓடிவந்தாள். "குடுத்துட்டீங்களா? அவங்களேதானா?"

"தெரியல மௌரீன். ஆனா நீ இருக்கியான்னு கேட்டாங்க."