கரகரப்பு இல்லாத பெட்டி

எனக்கு மைக் செட்டைக் கண்டாலே ஆகாது. கல்யாண வீட்டு வாசலில் குழாய் ஸ்பீக்கர் கத்த ஆரம்பித்தால், சாப்பிடாமல்கூடத் திரும்பி வந்துவிடுவேன். வயசான கிழவிக்கு இன்னா கோவம் வருது பாரு என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

சித்தூரில் எங்கள் சபையில் தமிழ் ஆராதனை தனி, தெலுங்கு ஆராதனை தனி. ஈஸ்டர் விடியற்காலையில் மட்டும் இரண்டு கூட்டமும் ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் சேர்ந்து நிற்கும். நடுவில் பாதை. பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். மெட்டு ஒன்றுதான். நாங்கள் தமிழில் பாடும்போதே அவர்கள் தெலுங்கில் பாடுவார்கள். இரண்டும் பிசகாமல் சேர்ந்து போவதற்காக, பாதையில் நின்று என் வீட்டுக்காரர் வயலின் வாசிப்பார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் அவர். வருஷம் முழுக்க அவரை யாரும் பெரிசாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த ஒரு காலையில் மட்டும் இரண்டு பாஷையும் அவர் வில்லின் பின்னால் போகும்.

திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று எல்லைத் தகராறு தீர்ந்துகொண்டிருந்த காலம் அது. சித்தூர் ஆந்திராவில்தான் என்பது அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. ஆனாலும் மனசு அடங்க வேண்டாமா? அந்த வருஷ ஈஸ்டரில் இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு பாடினார்கள். வாடகைக்கு எடுத்திருந்த பேட்டரி மைக் செட்டில் வயலின் சத்தம் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி வந்தது. மெட்டு யார் காதிலும் விழவில்லை. அவர்கள் பாட்டை முடித்துவிட்டார்கள், எங்களுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி. அங்கே யாரோ சிரித்தார்கள். எங்கள் ஆள் ஒருவர், உங்களுக்குத் தனி ராஜ்யம் வந்துவிட்ட அவசரமா என்று கேட்டுவிட்டார். கல்லறைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சண்டை. போதகர் வேதப்புத்தகத்தை மூடிவிட்டார்.

எனக்குச் சண்டையைப் பற்றி ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் எங்கள் ஒரே பெண்ணை அங்கே, அந்தப் பாதை ஓரமாக வைத்தோம். காய்ச்சலில் போனாள். மண்ணுக்குள் போன பிறகு அவளுக்கு அதுதான் முதல் ஈஸ்டர். உயிரோடு இருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோ கரகரத்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நைனா, கரகரன்னுது நைனா" என்று அப்பாவிடம் ஓடுவாள். அவர் வயலினை எடுத்து மெதுவாக வாசித்தால்தான் கையை எடுப்பாள். அவள் தலைமாட்டில் நின்று அந்த வண்டுச் சத்தத்தை வாசித்ததை அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு அவளுக்குச் சுத்தமாக வாசிக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்தச் சண்டையால் ஒரு நல்லது நடந்தது. வாடகை செட் இனி வேண்டாம், சபைக்கென்று ஒரு பெட்டி வாங்கிவிடலாம் என்று இரண்டு கமிட்டியும் அதிசயமாக ஒத்துப்போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் கரண்ட் கிடையாது. பேட்டரியில் ஓட வேண்டும், ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்க வேண்டும், வயலின் வயலினாகவே கேட்க வேண்டும். திருப்பதியில் பஜனை கோஷ்டிகளுக்கு விற்கிற கடை இருக்கிறது என்று அவரை வயலினோடு அனுப்பினார்கள். நானும் கூடவே போனேன். தனியாக விட்டால் கடையைச் சாத்துகிறவரைக்கும் தடவிப் பார்த்துக்கொண்டே நிற்கிற ஆள் அவர். அதோடு, கொஞ்ச நாளாக இருமிக்கொண்டும் இருந்தார். கேட்டால் சாக்பீஸ் தூசி என்பார். எந்த வாத்தியாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

பாகாலா வழியாக ரயிலில் போய் இறங்கினோம். கடைக்கு வெளியே மொட்டைத் தலைகளாகப் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் நெற்றி நிறைய நாமம் போட்டிருந்தார். எந்தப் பஜனைக்கு என்றார். சர்ச்சுக்கு என்றோம். அதற்கென்ன என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, வியாபாரத்தில் இறங்கினார்.

"பெத்த சவுண்டு காவாலா, மஞ்சி சவுண்டு காவாலா?"

பெரிய சத்தமா, நல்ல சத்தமா என்று இவரிடம் கேட்டால் வேறென்ன சொல்வார்? கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதல் பெட்டி ஊரையே எழுப்பும், ஆனால் வயலினை நாதஸ்வரமாக்கிவிட்டது. இன்னொன்று இவர் வாசிக்காதபோதுகூட 'ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது. மற்றொன்றை இவரால் தூக்கவே முடியவில்லை. எனக்குப் பசி வேறு. பெண் பார்க்க வந்த மாமியார்கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டாள் என்றேன். கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

கடைசியில் கடைக்காரர் உள்ளே போய்ச் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மரப் பெட்டி, முன்னால் துணி போர்த்தியிருந்தது, மேலே தோல் பிடி. போட்டதும் சின்ன விளக்கு எரிந்தது, சத்தம் எதுவும் இல்லை. ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தேன். இவர் மைக்குக்குப் பக்கத்தில் வயலினைத் தோளில் வைத்து வில்லை இழுத்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் வாசிக்கிற அதே வயலின், அப்படியே வந்தது. தெருவில் போன இரண்டு மொட்டைகள் நின்று பார்த்தார்கள்.

ஒரு வரி முடிந்து வில் நின்றது. அப்போது பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது. விசில் மாதிரி மெல்லிசாக ஏறி, கரகரவென்று இறங்கியது. பெட்டி ரிப்பேர்தான் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அது அவருடைய மூச்சு. பக்கத்திலேயே படுத்து எழுகிற எனக்குக் கேட்காதது, ஒரு மரப் பெட்டிக்குக் கேட்டுவிட்டது.

அவரைக் கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மறைக்காமல் சொன்னார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, காசம். உடனே சானடோரியத்தில் வந்து படு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஈஸ்டர் முடிந்து வருகிறேன் என்று இவர் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறார். கமிட்டிக்குத் தெரிந்தால் கூட்டத்துக்கு நடுவில் நிற்க விடமாட்டார்கள் என்று என்னிடமும் சொல்லவில்லை. வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பஜாரிலேயே கத்தியிருப்பேன். ஆனால் எனக்கும் அந்த ஈஸ்டர் வேண்டியிருந்தது. அதனால் வேறு யோசனை சொன்னேன்.

"அந்த ம்ம்னு முனகுற பெட்டியை எடுத்துக்கலாங்க. அதுல மூச்சு கேக்காது. யாருக்கும் தெரியாது. வாசிச்சிட்டு அப்புறம் போய்ப் படுங்க."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"பாப்பாவுக்குக் கரகரன்னா ஆவாதே," என்றார். "என் மூச்சு அவளுக்குப் பழக்கம்தான். தோள்ல போட்டுக்கினு எத்தினி நாள் தூங்க வச்சிருக்கேன்."

சின்னப் பெட்டியைத்தான் வாங்கினோம். ஸ்டேஷன் வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஈஸ்டர் அன்று எங்களையும் சபைப் பிள்ளைகளையும் தூரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பாப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தனியாக நின்று வாசித்தார். இரண்டு பக்கமும் குரலை இறக்கினார்கள். வயலின் அவ்வளவு நன்றாகக் கேட்கும்போது யார் கத்துவார்கள்? ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த மூச்சு எங்கள் எல்லாருடைய தலைக்கு மேலும் ஏறி இறங்கியது. ஒவ்வொரு தரமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு மூன்று வரியில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பிள்ளைகளைச் சிலர் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் பாட்டை நிறுத்தவில்லை. அவர் அடுத்த வரிக்கு மூச்சை எடுக்கிற வரைக்கும் இரண்டு பக்கமும் காத்திருந்து, பிறகு சேர்ந்து ஆரம்பித்தார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே இடத்தில் முடிந்தன.

ஜெபம் முடிந்ததும் போதகர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் சானடோரியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மழை பிடிப்பதற்குள் அவரைப் பிணமாகத் திரும்பக் கொண்டுவந்து, பாப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம். எனக்கு அழக்கூட வரவில்லை. சாக்பீஸ் தூசி, சாக்பீஸ் தூசி என்று யாரைப் பார்த்தாலும் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை.

அடுத்த ஈஸ்டருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வயலினுக்கு ஆள் இல்லை. போதகர் பேசுவதற்காக மைக்கை அதே இடத்தில் வைத்தார்கள். பாட்டை வெறும் வாயால் பாடினோம். நடுவிலேயே பிசகிவிட்டது. தெலுங்குப் பக்கம் முதலில் முடித்தார்கள். அந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எங்களுடைய கடைசி வரி முடிகிறவரை தலை குனிந்து நின்றார்கள்.

எல்லாரும் கிளம்பினார்கள். பெட்டியை அணைத்துவிடலாமா என்று அந்தப் பக்கத்துக் கமிட்டிக்காரர் கேட்டார். கொஞ்ச நேரம் இருக்கட்டும் அண்ணா என்றேன். அவரும் சரி என்று தள்ளிப் போய் நின்றார். நான் இரண்டு கல்லறைக்கும் நடுவில் உட்கார்ந்து, பெட்டியின் முன்பக்கத் துணியில் காதை வைத்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வேறு பெட்டியாக இருந்தால் 'ம்ம்' என்றாவது முனகியிருக்கும். நாங்கள்தான் தேடித் தேடி, எந்தச் சத்தமும் இல்லாததாகப் பார்த்து வாங்கியிருந்தோமே.