கருவாட்டுச் சாக்குக்குள் ஆட்டுக்குட்டி

மகளின் நாய்க்குட்டி விறாந்தையில் சத்தி எடுத்திருந்தது. மஞ்சள் நுரைக்குள் வெள்ளைக் கம்பளி நூல் கிடந்தது. யேசு பிறந்த நத்தாருக்கு மகளுக்குக் கொடுக்க நான் ஒளித்துப் பின்னிய முயலின் ஒரு காது அது. துடைக்கக் குனிந்தேன். புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது.

எட்டு வயதில், முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீட்டில், இதே நாற்றம். அம்மா எனக்கு நத்தாருக்கென்று ஒரு ஆட்டுக்குட்டி பின்னினா. கருவாடென்றாலே நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். அதனால் அப்பாவின் கருவாட்டுச் சாக்குக்குள் அதை ஒளித்து வைத்தா. எங்கள் நாய் விடுமா? சாக்கைக் கிழித்து, ஆட்டின் ஒரு காலை விழுங்கி, என் கண்முன்னேயே சமைக்கிற குசினி வாசலில் கக்கியது.

அம்மா அந்தக் காலைக் கழுவித் திரும்பவும் தைத்து, நத்தார்ப் பூசை முடிந்து வந்ததும் நீட்டினா.

"சீ, ஊத்தை! நாய் சத்தி எடுத்த சாமான் எனக்கு வேண்டாம்."

"மூண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினனான் பிள்ளை. மணந்து பாரன்."

மூக்கில் வைத்து மணந்தேன். கருவாடும் நாயின் எச்சிலும் சேர்ந்து நாறியது. அம்மாவின் முகத்திலேயே எறிந்தேன். அவா குனிந்து எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனா.

"அம்மா, இது எனக்கோ?" இன்றைக்குப் பள்ளிக்கூடத்தால் வந்த என் மகள், விறாந்தையில் கிடந்த ஒற்றைக் காது முயலைத் தூக்கிக் கன்னத்தோடு அணைத்தாள்.

"அரியண்டம் பிடிச்சவளே, கீழ வையடி! நாய் கடிச்சது."

"பரவாயில்லை அம்மா. வடிவாயிருக்கு."

நான் கிணற்றடிக்குப் போய்க் கையை மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். அன்றைக்கு எறிந்த கையில் நாற்றம் போகவேயில்லை.